வண்டல் கல் முனியாண்டி

செல்லனை அயோக்கியன் என்று யாரும் சொல்லிவிட முடியாது. அடுத்தவன் கோழியை அமுக்கியவனில்லை, சம்சு குடித்துவிட்டு லயத்து வரிசை வீடுகளின் வாசலில் உருண்டவனில்லை. அவனிடம் இருந்த கோளாறு ஒன்றே ஒன்று. பேச வேண்டிய நேரத்தில் வாய் வராது. அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்துவிடுவான். அந்த அப்புறம்தான் வேலம்மாளின் குடியைக் கெடுத்தது. அதைச் சொல்ல வேண்டுமானால் முதலில் கல்லைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

எண்பத்திரண்டாம் வருஷம். புக்கிட் ரோத்தானுக்கு உள்ளே தள்ளியிருந்த அந்த ரப்பர் தோட்டத்தை ஒட்டிப் புதுச் சாலை போடும் வேலை தொடங்கியிருந்தது. மண்ணையும் பாறையையும் சோதிக்க ஓர் இளைஞன் ஜீப்பில் வந்து இறங்கினான். பெயர் ஜக்கரியா. குவாலா சிலாங்கூரில் சாப்பாட்டுக் கடை வைத்திருந்த சேக் பரீதின் மகன். தகப்பன் பரோட்டா போட, மகன் பாறையைப் படித்துவிட்டு வந்திருந்தான். புதர் வெட்டவும் பை சுமக்கவும் ஓர் ஆள் வேண்டும் என்று கேட்டான். தோட்டத்து ஆபீஸ் கிராணி செல்லனை அனுப்பிவைத்தார். மூன்று வாரம் பாராங் கத்தியைத் தூக்கிக்கொண்டு செல்லன் அவன் பின்னால் அலைந்தான்.

தோட்டத்திலிருந்து மூன்று மைலில், லாலாங் புல் மண்டிய ஒரு குன்றைச் சாலைக்காகச் செங்குத்தாக வெட்டி விட்டிருந்தார்கள். வெட்டிய இடத்தில் சாம்பல் நிறப் பாறை அடுக்கடுக்காகத் தெரிந்தது. ஜக்கரியா சுத்தியலால் ஒரு துண்டைப் பெயர்த்தான், சட்டையில் துடைத்தான், ஓரத்தைக் கடித்து மென்றான். செல்லன் அரண்டு போனான். படித்த பிள்ளைக்கு வெயில் தலைக்கு ஏறிவிட்டது என்றே நினைத்தான்.

“நீங்களும் கடிச்சுப் பாருங்கண்ணே,” என்று துண்டை நீட்டினான் ஜக்கரியா. செல்லன் கடித்தான். பல்லில் நறநறவென்றது.

அப்புறம்தான் விஷயம் விளங்கியது. கண்ணுக்கே மணல் தெரிந்தால் அது மணற்கல்லாம். பல்லில் மாவாக வழுக்கிக்கொண்டு போனால் களிமண் கல். கண்ணுக்குத் தெரியாமல் பல்லுக்கு மட்டும் தெரிந்தால் சில்ட்ஸ்டோன், தமிழில் வண்டல் கல் என்று வைத்துக்கொள்ளலாம் என்றான் ஜக்கரியா. குவாலா சிலாங்கூர் ஆற்று வாயில் முழங்கால்வரை இழுக்கிற சேறு இருக்கிறதே, அந்த மாதிரி வண்டல்தான் எந்தக் காலத்திலோ தண்ணீருக்கு அடியில் படிந்து படிந்து, மேலே பாரம் ஏறி, இறுகிப் பாறையாகியிருக்கிறது. சில இடங்களில் இரும்பாக இறுகியிருக்கும். இந்தக் குன்றில் இருப்பது சொத்தை.

“பாக்க வாட்டசாட்டமா இருக்கும், நம்பாதீங்க. தண்ணி படும், காயும், மறுபடி படும், காயும். ரெண்டு மூணு வருஷத்துல பழையபடி சேறாயிடும்லா.”

ஜக்கரியா போய்விட்டான். ஆனால் செல்லன் லயத்தில் கல் படித்தவனாகிவிட்டான். பிள்ளைகள் கிடைத்த கல்லையெல்லாம் கொண்டுவந்து நீட்டுவார்கள். அவனும் கடித்துப் பார்த்துத் தலையை ஆட்டித் தீர்ப்புச் சொல்வான். அவன் பெண்சாதி சின்னத்தாய், சோற்றில் கல் கிடந்தால் மட்டும் இவருக்குத் தெரியாது என்று கேலி பேசுவாள். அந்தப் பெருமை அவனுக்குப் பிடித்திருந்தது. யாருக்குத்தான் பிடிக்காது?

மறுவருஷம் தோட்டத்தில் பால்மரங்களைச் சாய்த்துவிட்டு எண்ணெய் எடுக்கும் செம்பனை போட்டார்கள். முனியாண்டி குடியிருந்த மரமும் சேர்ந்து போயிற்று. நிர்வாகம் லயத்துக்குப் பின்னால், கால்வாய் ஓரமாக வேறு இடம் காட்டியது. இதுவரை செங்கல்லும் சூலமுமாக நின்ற சாமிக்கு இந்தத் தடவை நல்ல கருங்கல்லாக நிறுத்திவிட வேண்டும் என்றார் ஆட்களை வேலை வாங்கும் மண்டோர் வீரன். கோயிலுக்குத் தலைவரும் அவர்தான், பூசை வைப்பதும் அவர்தான். கல் எடுத்து வர யாரை அனுப்புவது என்று கேள்வி எழவே இல்லை. கல் என்றால் செல்லன்.

லோரி பிடித்துக்கொண்டு ரவாங் பக்கத்துக் குவாரிக்குப் போனான். அன்றைக்கென்று பார்த்து அங்கே பாறை தூக்கும் இயந்திரம் படுத்துவிட்டது. மூன்று நாள் கழித்து வா என்று விரட்டினார்கள். லோரிக்காரனோ நாளைக்குக்கூட வர மாட்டேன் என்று முகத்தைத் தூக்கினான். தோட்டத்தில் பறைக்காரர்கள் காத்திருந்தார்கள். பொழுது சாய்வதற்குள் கல்லை நட்டாக வேண்டும் என்று நேரம் குறித்திருந்தது. வெறுங்கையோடு போய் இறங்கினால் கல் படித்தவன் மானம் என்ன ஆகும்?

திரும்பி வரும் வழியில் அந்தக் குன்று. மழையில் சரிந்த பாறை ஒன்று அடிவாரத்தில் தானாக நின்றுகொண்டிருந்தது. நெஞ்சுயரம், முகம் இழைத்து விட்டதுபோலத் தட்டை. செல்லன் லோரியை நிறுத்தச் சொன்னான். ஓரத்தைப் பெயர்த்துக் கடித்தும் பார்த்தான். நறநறவென்றது. தெரிந்தேதான் செய்தான், அதில் சந்தேகம் வேண்டாம். ஒரு மலையாகவே இத்தனை காலம் நின்றது, ஒரு சாமியாக நிற்காதா என்று மனசுக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டான். சாலை வேலைக்காரர்கள் ஆறு பேர் கைகொடுத்தார்கள்.

தோட்டத்தில் கல்லை இறக்கியதும் வீரன் அதன் முகத்தைத் தடவிப் பார்த்து, செதுக்கியது யார் என்று கேட்டார். யாரும் செதுக்கவில்லை, அப்படியே நின்றது என்றான் செல்லன். அது பொய்யில்லை. ஆனால் கேட்ட மாத்திரத்தில் வீரன் இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கிவிட்டார். சுயம்பு என்றார். கூட்டமும் சுயம்பு என்றது. பறை முழங்கியது. யாரோ செல்லனின் தலையில் பட்டுத்துணியைச் சுற்றிப் பரிவட்டம் கட்டினார்கள். குவாரி கதையை அவன் சொல்லியிருக்கலாம். தலையில் துணியோடு எப்படிச் சொல்வது? அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டான்.

கல்லுக்கு வெள்ளியில் இரண்டு கண்ணும் மீசையும் பதித்தார்கள். கூரை கிடையாது, முனியாண்டி வெட்டவெளியில் நிற்கிறவர். வெள்ளிக்கிழமை தோறும் பாலும் மஞ்சள் தண்ணீருமாக அபிஷேகம். அடுத்த நாள் முழுக்க வெயில்.

தண்ணீர் கொண்டுவந்து ஊற்றும் பொறுப்பை வேலம்மாள் எடுத்துக்கொண்டாள். புருஷன் போய்ப் பத்து வருஷமாகிறது. புல் வெட்டும் கூட்டத்தில் வேலை. அவளுக்கு உலகத்தில் இருந்தது ஒரே மகள், ரமணி. நாலாம் படிவம் படிக்கிறாள், கெட்டிக்காரி. மகள் நன்றாகப் படிக்க வேண்டும் என்பதற்காகத்தான் அந்தக் குடத்தைச் சுமந்தாள். மழையென்றாலும் காய்ச்சலென்றாலும் ஒரு வெள்ளிக்கிழமை தவறியதில்லை.

எண்பத்தைந்தில் கல் காட்டிக்கொடுக்க ஆரம்பித்தது. முதலில் பாதத்தில் சில்லுச் சில்லாக உதிர்ந்தது. செல்லன் வெள்ளிக்கிழமை விடியும்போதே யாருக்கும் முன்னால் கோயிலுக்குப் போவான். சில்லுகளைப் பொறுக்கிப் பையில் போட்டுக் கால்வாயில் கொட்டிவிட்டு வருவான். என்ன பக்தி பாருங்கள் என்று பெண்கள் மெச்சினார்கள். அவனுக்கு அது முள்ளாகக் குத்தியது. சாமிக்கு எண்ணெய்க் காப்பு மட்டும் போதுமே, இத்தனை தண்ணீர் எதற்கு என்று வீரனிடம் ஒரு தடவை சொல்லிப் பார்த்தான். முனியாண்டியின் உஷ்ணத்தைத் தணிக்கத்தான் தண்ணீர் என்று வீரன் அடக்கிவிட்டார்.

புரட்டாசியில் ஒரு வெள்ளி. வேலம்மாள் குடத்தைச் சாய்த்தபோதே சாமியின் வலது கண், பின்னாலிருந்த கல்லையும் பெயர்த்துக்கொண்டு கீழே விழுந்தது. தீட்டு நடந்திருக்கிறது என்றார் வீரன். யார் என்று அவர் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை. இரண்டு வருஷமாக ஊற்றிய கை யாருடையது என்று எல்லாருக்கும் தெரியும்.

அந்த ஒரு வாரத்தில் வேலம்மாள் பாதி ஆளாகிவிட்டாள். குழாயடியில் அவள் வந்தால் மற்றவர்கள் குடத்தை எடுத்துக்கொண்டு நகர்ந்தார்கள். வேலைக்காட்டில் அவளோடு உட்கார்ந்து பசியாற யாரும் வரவில்லை. ஒருத்தரும் ஒரு வார்த்தை ஏசவில்லை. ஏசியிருந்தால்கூடப் பதிலுக்கு ஏசி ஆறியிருப்பாள். நான் என்ன பண்ணினேன், என்ன பண்ணினேன் என்று அவள் தனக்குள்ளேயே தோண்ட ஆரம்பித்தாள்.

செல்லன் இதையெல்லாம் பார்த்துக்கொண்டுதான் இருந்தான். அடுத்த வெள்ளிக்கிழமை எப்படியும் சொல்லிவிடுவது என்று முடிவு செய்துகொண்டான். சாட்சிக்குக் கல்லின் சில்லு ஒன்றைக் கால்சட்டைப் பையில் போட்டுக்கொண்டு கோயிலுக்குப் போனான். போகும்போதே சொல்லியிருக்கலாம். சூடம் காட்டி முடியட்டும் என்று நின்றான்.

சூடம் காட்டியதும் வீரன் கூட்டத்தைப் பார்த்து, மனசில் பாரம் இருக்கிறவர்கள் சாமிக்கு முன்னால் இறக்கி வைத்துவிடுங்கள், அவர் பொறுத்துக்கொள்வார் என்றார். தன்னைத்தான் சொல்கிறார் என்று செல்லனுக்குப் பட்டது. பையில் இருந்த சில்லை விரலால் பிடித்தான். வாயைத் திறந்தான். அதற்குள் வேலம்மாள் ஈரப் புடவையோடு முன்னால் வந்து கல்லின் காலடியில் விழுந்தாள்.

“எந் தங்கச்சி நாகமணி பெத்த புள்ள இந்த ரமணி. அவ வந்து கேட்டப்போ, செத்துப்போச்சுன்னு சொல்லிட்டேன்.”

வேறு எதைச் சொல்லியிருந்தாலும் தேவலை. அழுகைக்கு நடுவே துண்டு துண்டாக மீதியும் வந்தது. அப்போது வேலம்மாளும் புருஷனும் வேறு தோட்டத்தில் இருந்தார்கள். பிள்ளையில்லை. சபாக்கில் தேங்காய்த் தோட்டத்தில் இருந்த தங்கையைக் கட்டினவன் விட்டுவிட்டு ஓடிப்போக, அவள் கைக்குழந்தையை அக்காவிடம் கொடுத்து, கொஞ்ச நாள் பார்த்துக்கொள் என்றாள். மூன்று வருஷம் கழித்துக் கையில் மிட்டாய்ப் பொட்டலத்தோடு திரும்பி வந்தாள். பெற்றவள் கேட்கிறாள், வளர்த்தவளுக்குக் கொடுக்க மனசில்லை. குழந்தையைப் பக்கத்து லயத்தில் ஒளித்துவிட்டு, காய்ச்சலில் போய்விட்டது என்று சொல்லி, யாருடைய குழந்தையையோ புதைத்த மேட்டைக் காட்டினாள். நாகமணி அந்த மேட்டில் மிட்டாயை வைத்து அழுதுவிட்டுப் போனாள். அந்த மாசமே புருஷனும் பெண்சாதியும் யாருக்கும் சொல்லாமல் இந்தத் தோட்டத்துக்கு வந்துவிட்டார்கள்.

ரமணி சாம்பிராணித் தட்டோடு அங்கேதான் நின்றாள். தட்டைக் கீழே வைத்தாள். நாகமணி இப்போதும் சபாக்கில்தானா என்று கேட்டாள். வேலம்மாள் தலையை ஆட்டினாள். அவ்வளவுதான் அந்தப் பெண் கேட்டது. மறுநாள் பள்ளிக்கூடப் பையில் இரண்டு துணியைத் திணித்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டாள்.

செல்லன் வீட்டுக்கு வந்து குப்புறப் படுத்துவிட்டான். ஐந்து நிமிஷம், வெறும் ஐந்து நிமிஷம் முன்னால் வாயைத் திறந்திருந்தால் வேலம்மாளின் ரகசியம் அவளோடு கட்டையில் வெந்திருக்கும். சின்னத்தாய் உலுக்கிக் கேட்டபோது எல்லாவற்றையும் கொட்டினான். அவள் கேலி பேசவில்லை. இன்றைக்கே போய்ச் சொல் என்றாள். அதற்கும் அவனுக்கு அடுத்த வெள்ளிக்கிழமை வரை ஆயிற்று.

ஒரு வாளித் தண்ணீரை எல்லாருக்கும் நடுவில் வைத்து, வெயிலில் காய்ந்த சில்லுகளை அதில் போட்டான். பொசுபொசுவென்று குமிழி விட்டு அவை பிளந்தன. பூசை முடிவதற்குள் வாளியின் அடியில் சேறுதான் கிடந்தது. குவாரி, லோரி, குன்று, ஜக்கரியா சொன்னது என்று ஒன்றுவிடாமல் சொன்னான். வீரனையும் ஒரு சில்லைக் கடிக்கவைத்தான். தீட்டுமில்லை, கோபமுமில்லை, கல்தான் சொத்தை, கொண்டுவந்தவன் நான் என்றான். கன்னத்தில் நாலு அறை விழும் என்று எதிர்பார்த்து நின்றான். வீரன் காறித் துப்பிவிட்டு ஒரு பாட்டம் திட்டினார். அப்புறம் தோளில் தட்டி, இந்த மட்டிலாவது உண்மையைச் சொன்னாயே, அதற்கே ஒரு துணிச்சல் வேண்டும் என்றார். அடுத்த மாசம் புதுக் கல் எடுத்து வருவதைப் பற்றிப் பேச்சு தொடங்கிவிட்டது. அரை மணி நேரத்தில் மன்னித்துவிட்டார்கள். அது அவனுக்குத் தாங்கவில்லை.

வேலம்மாள் அந்தக் கூட்டத்துக்கு வரவில்லை. செல்லன் அவள் வீட்டுக்குப் போனான். சேதி அவளுக்கு முன்னாலேயே வந்து சேர்ந்திருந்தது. கோயிலில் சொல்லாமல் விட்ட ஒன்றை அவளிடம் சொன்னான். அவள் விழுந்து அழுத அன்றைக்கும் அந்தச் சில்லு தன் பையில் இருந்தது, வாயைத் திறந்து மூடிக்கொண்டேன் என்றான். அவள் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அழவில்லை, திட்டவில்லை.

“நீ சபாக்குக்குப் போயி எம்புள்ளகிட்ட சொல்லு, செல்லா. உங்கம்மா பயத்துல ஒளறிட்டா, எல்லாம் பொய்யின்னு சொல்லு. நீ சொன்னா நம்புவா. நீதான் இப்ப உண்மை பேசறவன்னு தோட்டமே சொல்லுதே.”

முடியாது என்று சொல்ல அவனுக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? தலையாட்டிவிட்டு வந்தான்.

ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறினான். தஞ்சோங் காராங், சிகிஞ்சான் என்று வழி நெடுக வயல்கள். சொல்ல வேண்டிய பொய்யை வாய்க்குள்ளேயே மனப்பாடம் செய்துகொண்டு போனான். சபாக்கில் விசாரித்துத் தேங்காய்த் தோட்டத்து லயத்தைக் கண்டுபிடித்தபோது, நாகமணி வாசலில் உட்கார்ந்து ரமணிக்குத் தலை வாரிக்கொண்டிருந்தாள். வேலம்மாளைவிட இளையவள், ஆனால் மூத்தவளாகத் தெரிந்தாள். அப்புறம் ஒரு பிள்ளையும் பிறக்கவில்லையாம்.

செல்லன் முதலில் கல் கதையைச் சொன்னான். பொய் அதற்குப் பின்னால் வருவதாக ஏற்பாடு. சொத்தைக் கல் என்று தெரிந்தும் இரண்டு வருஷம் வாயை மூடிக்கொண்டிருந்தேன் என்று சொல்லிக்கொண்டிருந்தபோதே நாகமணி எழுந்து வந்து அவன் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

“நீங்க வாயத் தெறக்காம இருந்ததாலதாண்ணே எம்புள்ள எனக்குக் கெடச்சா.”

செல்லனுக்கு உடம்பெல்லாம் கூசியது. செருப்பால் அடித்திருந்தால் வாங்கிக்கொண்டிருப்பான். இந்தக் கண்ணீரை எங்கே கொண்டு வைப்பது? இவளிடம் போய், உன் குழந்தை அந்த மேட்டில்தான் கிடக்கிறது, இது வேறு குழந்தை என்று மறுபடியும் சொல்ல வேண்டும். அந்த மேட்டில் மிட்டாய் வைத்தவளை இன்னொரு தடவை அங்கே அனுப்ப வேண்டும். ரமணி அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். மனப்பாடம் செய்ததைச் சொல்லாமலே செல்லன் எழுந்தான்.

பஸ்ஸுக்கு வழியனுப்ப ரமணி மட்டும் கூட வந்தாள். தோட்டத்தில் அம்மா சாப்பிடுகிறாளா என்று கேட்டாள். சாப்பிடுகிறாள் என்றான். வீட்டுக்கு வந்துவிடேன் என்று தயங்கித் தயங்கிச் சொன்னான்.

“வந்தா, அவங்கள என்னன்னு கூப்பிடுறது மாமா?”

பஸ் வந்தது, ஏறிக்கொண்டான்.

தோட்டத்து முனையில் இறங்கும்போது மணி நாலு. வேலம்மாள் காலையிலிருந்தே அந்த நிறுத்தத்தில் காத்திருக்கிறாள் என்று பார்த்ததுமே தெரிந்தது. தலைவாரிப் பூ வைத்திருந்தாள், நல்ல சேலை கட்டியிருந்தாள். அவனுக்குப் பின்னால் யாரும் இறங்குகிறார்களா என்று எட்டிப் பார்த்தாள். பஸ் கதவை மூடிக்கொண்டு போயிற்று.

“சொன்னியா?”

சொன்னேன், அவள்தான் நம்பவில்லை என்று சொல்லிவிடலாம். யாருக்கும் நஷ்டமில்லை, அவளுக்கும் கொஞ்சம் ஆறுதலாக இருக்கும். செல்லன் அவள் முகத்தைப் பார்க்காமல் தலையைக் குனிந்தான்.

“சொல்லலக்கா. வாய் வரல.”

வேலம்மாள் கோபப்படவில்லை. தலையிலிருந்த பூவை எடுத்துக் கைக்குள் வைத்துக்கொண்டாள்.

“அன்னைக்கும் உனக்கு வாய் வரல,” என்றாள். லயத்தைப் பார்த்து நடந்தாள். செல்லன் அவளுக்குப் பின்னால் போகத் துணிவில்லாமல் அங்கேயே நின்றான்.